யா

கிரே தெருவுக்குப் பெயர் மாற்றி வருடங்களாகிவிட்டன.
டர்பனில் நாங்கள் இன்னும் கிரே தெரு என்றுதான் சொல்கிறோம்.
அங்கே, துணிக்கடையின் மாடிப்படிக்குக் கீழே
இரண்டு நாற்காலி, ஒன்றரைக் கண்ணாடி:
என் சலூன்.

ப்ரொபெல்லர் முறிந்து உலர்துறையில் கிடந்த
மீன்பிடிக் கப்பலிலிருந்து வந்தான்
வில்மர். ஊர் பெரு நாட்டில் சிம்போத்தே.
நாலு மாதக் கடல் பிடரியில் சுருண்டிருந்தது.

இன்னும் குறைக்கவா, என்றேன்.
யா, என்றான்.
இந்த ஊரில் யா என்றால் ஆமாம்.
வெள்ளைக்காரர் சொல்வார், ஜூலுக்காரர் சொல்வார்,
பல் பிடுங்கும்போது நானே சொல்லியிருக்கிறேன்.
குறைத்தேன்.
யா, என்றான், கொஞ்சம் உரக்க.
இன்னும் குறைத்தேன்.
யா யா யா!
மொட்டைக்கு இப்படித் தவித்த ஆளை
தைப்பூசத்தில்கூடப் பார்த்ததில்லை.

துண்டு மடித்துக்கொண்டிருந்த நோகுதுலா சொன்னாள்:
நீ தலையைப் பார்க்கிறாய், கோகிலம்.
முகத்தைப் பார். அவன் போதும் என்கிறான்.

அந்த நேரம் பார்த்து லோட் ஷெடிங்.
மிஷின் வாயடைத்துப்போனது.
அவன் தலையில் வலப்பக்கம் காடு,
இடப்பக்கம் மணல்.
அட்டவணைப்படி இரண்டரை மணி நேரம்.

வேறென்ன செய்வது?
கைபேசி டார்ச்சில், கப்பல் ஆங்கிலத்தில்,
பாதி கையாலும்
அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டினான்.
தட்டு காலியானால் யா.
கயிற்றை அவிழ்க்கலாம் என்றால் யா.
குழந்தை விழுந்து அழுதால் முதுகைத் தடவி
யா, யா.
ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லை என்று நான் தடவுவேனே
அதே தடவல்.
மச்சான் தன் மீனின் நீளம் சொல்லும்போது
மூக்கால் இழுத்து ஒரு யாஆஆ:
நம்பவில்லையாம்.
வருகிறேன் என்பதன் முன்னால் அதை வைத்தால்
இதோ வந்துட்டேன்.
எப்போது, என்றேன்.
தோளைக் குலுக்கினான்.
தெரிந்துவிட்டது எனக்கு. அது நம் ஊர் ஜஸ்ட் நவ்.
குழாய் பார்க்கும் தர்மன் படையாச்சி
போன மார்ச்சில் சொன்ன ஜஸ்ட் நவ்.
தொட்டி இன்னும் ஒழுகுகிறது.

ஆமாம் என்று அர்த்தமே கிடையாதா?
தயங்கினான். உண்டாம். சில நேரம்.
அப்படியென்றால்
என் மிஷின் பாதி நிரபராதி.

எனக்கு ஆச்சுதான் ஞாபகம் வந்தது.
சாப்பிட்டாச்சு, நேரமாச்சு, ஆனது ஆச்சு.
ஆனால் வராதவன் ஆச்சு சொல்ல முடியாது.
யா சொல்லலாம்.
கோயில் வகுப்பில் படித்த தமிழில்
யார், யாது, யாங்கு:
யாவில் தொடங்கினால் கேள்வி.
யானை மட்டும் எதுவும் கேட்காது.

கைபேசி அடித்தது.
டார்ச் காதுக்குப் போனதால்
கடை முழுக்க இருட்டு.
அங்கே ஒரு பெண்குரல், நீளமாக, அழாமல்.
இங்கே
யா.
கொஞ்ச நேரம் கழித்து, யா.
பிறகு, யா நோ.

அதை அவன் விளக்கியிருக்கவில்லை.
நோ எனக்குத் தெரியும்.
இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன்:
இனிமேல் இல்லை.
எது இல்லை என்று கேட்கவில்லை.
நானும் ஒருமுறை அதையேதான் சொன்னேன்,
வக்கீல் மேசைக்கு முன்னால், ஆங்கிலத்தில்.
ஒன்பது சொல் ஆனது.

நோகுதுலா ஒரு துண்டை மூன்று முறை மடித்தாள்.
கேட்டது.

டியூப் லைட் ரெண்டு தரம் சிமிட்டி எரிந்தது.
தெரு முழுக்கக் கத்தியது.
அணைக்க மறந்த மிஷின்
தானே மேசையில் துடித்து நகர்ந்தது.
கண்ணாடியில் தன் பாதித் தலையைப் பார்த்தான்,
யாருடையதோ என்பது போல.
வலப்பக்கத்தைக் காட்டினான்.

யா? என்றேன்.
யா.

எடுத்தேன்.
காட்டின் மிச்சம் என் செருப்பின் மேல் விழுந்தது.
காசு வேண்டாம் என்றேன்.
முப்பது ராண்டைச் சீப்புக்கு அடியில் வைத்துவிட்டு
படியேறிப் போனான்,
வெயில் உறைக்கும்போதெல்லாம்
புதுத் தலையைத் தொட்டுத் தொட்டு.